ஊற்றுகளின் மேலிருக்கும் ஊர்

கொழும்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள்.
நாலு தாடி, ஒரு சூட்கேஸ், சொந்தச் சட்டி.
என் அடுப்பைச் சிவக்கச் சுட்டபிறகு
அதில் முட்டை மட்டும் அவித்தார்கள்.

உப்புவெளியில் எட்டு அறை விடுதி எனக்கு.
நுளம்புவலை கேட்பார்கள், வைஃபை கேட்பார்கள்.
மணவிலக்கு எழுத மேசை கேட்டது
இதுதான் முதல்தரம்.

தெஹிலா ஏழாம் அறையில் பதினொரு நாள்.
புறாத்தீவுக்குப் படகு விடுகிற ஓஃபிர்
அவளுடைய புருசன், ஏழு வருசமாய்
"பார்ப்பம்" என்று மட்டும் சொன்னவன்.
ஹைஃபா வீட்டில் தன் பாதியை
அவள் எழுதிக் கொடுத்த பின்னேரம்
"சரி" என்றான்.

ஒருவரும் வற்புறுத்தவில்லையே என்றார் நீதிபதி.
"என் சொந்த விருப்பம்" என்றான், தலைமயிரில் உப்போடு.
அவளிடமும் கேட்டார்.
அவள் சிரித்துவிட்டாள், பிறகு
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு "ஓம்" என்றாள்.

புருசன் தராமல் விலக்கு இல்லையாம்.
அவனாய்த் தரும்வரை கட்டுண்டவள் என்று
அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது வேதம்.
அந்தப் பெயரை அவள் எனக்குச் சொல்லித்தந்தாள்.
எனக்கு உச்சரிக்க வரவில்லை,
பொருள் வந்தது.

இறகை மையில் தோய்த்து நின்றுவிட்டார் எழுத்தர்.
பன்னிரண்டே வரி, அதில் ஊரின் பெயர் வேண்டும்.
இந்த ஊரை இதுவரை யாரும் எழுதியதில்லை.
"சனங்கள் இதை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?"
எந்தச் சனங்கள் என்று கேட்டேன்.
திருகோணமலை என்றேன். திருமலை என்றேன். ட்ரிங்கோ.
பெயர்ப்பலகையில் முதல்வரியில் இருக்கிற பெயரையும் சொன்னேன்.
எல்லாவற்றையும் ஒரு துண்டில் குறித்துக்கொண்டார்.
எந்த அரசும் அவ்வளவு பொறுமையாய்க் கேட்டதில்லை.

"தண்ணீர்? எந்தத் தண்ணீரின் மேல் இருக்கிறது ஊர்?"
ஓட்டோக்காரனைப் பார்த்தார். அவன் கடலைக் காட்டினான்.
"கடல் சரி. ஊற்று?"

கன்னியா என்றேன். ஏழு கிணறு, ஏழும் சுடுநீர்,
ஒன்றின் சூடு மற்றதுக்கு இல்லை.
தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் வாளால் குத்தியது.
முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு
இப்போதும் அங்கேதான் போவோம்.
நான் இன்னும் போகவில்லை என்பதை
அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

ஒரு சாட்சிக்குக் காய்ச்சல் கண்டது.
நான் இருக்கிறேனே என்றேன்.
ஆண்கள்தான், இரண்டுபேர், என்றார் நீதிபதி மெதுவாய்.
பல்லைக் கடித்துக்கொண்டு அவனே எழுந்து கையெழுத்திட்டான்.
ஆணைக்குழுவுக்கு முன் நான் ஐந்துதரம் இருந்தவள்.
என்னைச் சாட்சியாய் ஏற்றார்கள்,
என் சாட்சியத்தை ஏற்கவில்லை.

கைகளைச் சேர்த்து ஏந்தச் சொன்னார்கள்.
விரல் மடக்கக் கூடாது, மோதிரம் கூடாது.
அவன் விட்டான், கடுதாசி விழுந்தது.
கக்கத்தில் வைத்து நாலடி நடந்தாள்.
உடனே வாங்கி மூலை வெட்டிக் கிழித்தார்கள்,
வேறொருத்திக்கு உதவாதபடி.
இனிக் கட்ட நினைத்தால் அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு நாள்.
ஓஃபிருக்கு இரண்டு மணிக்குப் படகு.

அன்றிரவு மதிலில் இருந்து சொன்னாள்:
"அவன் செத்திருந்தால்
ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லே காணும்.
கண்டேன் என்று ஒருத்தி சொன்னால்
அவிழ்த்துவிடுவார்கள். உயிரோடு இருந்தால்தான்
இவ்வளவு தாடி."

கண்டேன் என்று சொல்ல
எனக்கு ஒருத்தரும் இல்லை.
என்னவரை வெள்ளை வானில் ஏற்றியதைக் கண்டேன்.
அதற்குமேல் காணவில்லை.

குளிர்சாதனப்பெட்டிக்கு மேலே கச்சேரிப் படிவம் கிடக்கிறது.
காணக்கிடைக்காமைச் சான்றிதழ், மூன்று பிரதி.
விதானையார் கிழமைக்கொருக்கால் ஞாபகப்படுத்துவார்:
"கையெழுத்து வையுங்கோ அக்கா, பிறகு லேசு."
அவளுக்கு ஒருவன் தரவேண்டியிருந்தது.
என்னைத்தான் தரச்சொல்கிறார்கள்.

விடிய முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.
கிழிந்த பன்னிரண்டு வரி ஏதோ ஊரில்
ஏதோ பெட்டியில் பூட்டிக் கிடக்கும்.
சாட்சிக்கு ஆகாத என் வாயிலிருந்து போன சொல்
அதன் முதல் வரியில் இருக்கிறது.

படிவத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஊர் கேட்டிருக்கிறார்கள், பிரிவு இலக்கம் கேட்டிருக்கிறார்கள்.
தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.